சிஏ 125: அந்த நம்பர்கிட்ட எதைக் கேக்கலாம், எதைக் கேக்கக் கூடாது

லேப்ல வேலை பாக்கறவங்களுக்குன்னு ஒரு தனி தொல்லை இருக்கு. சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட சொந்தக்காரங்க, கூட படிச்சவங்க, யார் எங்க ரத்தம் குடுத்தாலும் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்ல தட்டிவிட்டுட்டு "இதுல சிவப்பா காட்டுதே, என்னதுன்னு பாரேன்"னு கேப்பாங்க. சுகர், கொழுப்புன்னா ரெண்டு வரில முடிஞ்சுரும். ஆனா சிஏ 125ன்னு ஒரு வரி இருந்து, பக்கத்துல 58ன்னு போட்டு, அதுக்கும் பக்கத்துல "35க்கு கீழ"ன்னு இருந்துச்சுன்னா அன்னிக்கு என் சாயங்காலம் அவ்ளோ தான். ஏன்னா அவங்க அதுக்குள்ள நெட்ல தேடி, சினைப்பை கேன்சர்னு படிச்சு, ஒரு பாட்டம் அழுதுட்டு தான் எனக்கே போன் பண்றாங்க. நான் திருப்பி கேக்கற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணு தான், "இந்த டெஸ்ட்டை எதுக்கு எழுதிக் குடுத்தாங்க?" நிறைய பேருக்கு பதிலே தெரியாது. ஏதோ ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல சேந்து வந்துச்சும்பாங்க.

அந்த "எதுக்கு" தான் முக்கால்வாசி விஷயம். அதே 58, பீரியட்ஸ் வலின்னு போன 27 வயசு பொண்ணோட ரிப்போர்ட்ல இருந்தா ஒரு அர்த்தம், வயித்துல கட்டி தெரியுதுன்னு ஸ்கேன்ல சொன்ன 63 வயசு அம்மாவோட ரிப்போர்ட்ல இருந்தா வேற அர்த்தம், கீமோ முடிச்சு போன தடவை 11 இருந்தவங்களுக்கு இந்த தடவை 58னா அது முழுக்க வேற கதை. நம்பர் ஒண்ணு, கேள்வி மூணு. இதை நான் ரொம்ப நாளா லேப் பக்கம் இருந்தே தான் சொல்லிட்டு இருந்தேன், என் சித்திக்கு மூணாவது ஸ்டேஜ் சினைப்பை கேன்சர்னு தெரிஞ்சப்புறம் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கறவங்க பக்கம் இருந்தும் பாக்க வேண்டியதாயிருச்சு. அதனால இந்த பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இது என்னன்னு பாத்துருவோம். சிஏ 125ங்கிறது ரத்தத்துல அளக்கற ஒரு புரதம். 1981ல பாஸ்டன்ல ராபர்ட் பாஸ்ட், ராபர்ட் நாப் இவங்க குழு, சினைப்பை கேன்சர் செல்களை எலிக்கு ஏத்தி அதுல இருந்து ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் தேடிப் பிடிச்சுக்கற புரதம்) தயாரிச்சு ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாத்தாங்க, 125ஆவதா பாத்தது அந்த கேன்சர் செல்லுல சரியா ஒட்டுச்சு, அது பிடிச்ச பொருள் தான் சிஏ 125. அந்த 125 தான் பேர்லயே நின்னு போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 1983ல ரத்தத்துல இதை அளக்கற டெஸ்ட் வந்துச்சு. அந்த 35ங்கிற எல்லையும் அப்ப போட்டது தான். ஆரோக்கியமா இருந்த 888 பேரை பாத்ததுல 35ஐ தாண்டினவங்க 1 சதவீதம் தான், சினைப்பை கேன்சர் இருந்த 101 பேர்ல 82 சதவீதம் பேர் தாண்டியிருந்தாங்க. கேக்கறதுக்கு பிரமாதமா இருக்குல்ல? ஆனா அந்த கேன்சர் ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நோய் ஏற்கனவே முத்தியிருந்துச்சு. முதல் ஸ்டேஜ்ல இருக்கறவங்களை மட்டும் தனியா எடுத்தா கிட்டத்தட்ட பாதி பேருக்கு தான் இது ஏறும். நமக்கு யாரைக் கண்டுபிடிக்கணுமோ அவங்க விஷயத்துல இது காசை சுண்டிப் போட்டுப் பாக்கற மாதிரி தான் நிக்குது.

இன்னொரு சங்கடம், இது கேன்சர் செல் மட்டும் செய்யற பொருள் கிடையாது. மியூசின்ங்கிற, வழவழப்பு குடுக்கற வகையில ஒரு பெரிய புரதம் இது (மக்16ன்னு இதோட ஜீனை 2001ல கண்டுபிடிச்சாங்க). நம்ம வயித்துக்குள்ள சுத்தி இருக்கற ஜவ்வு, நுரையீரலைச் சுத்தின ஜவ்வு, இதயத்தைச் சுத்தின ஜவ்வு, எல்லாமே இதைச் செய்யும். அந்த ஜவ்வுகளை எது உரசினாலும், எது அழற்சி பண்ணினாலும் ரத்தத்துல ஏறிடும். பீரியட்ஸ் நேரம், கர்ப்பத்தோட முதல் மூணு மாசம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரி திசு வெளிய வளர்றது), ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற கேன்சர் இல்லாத கட்டி), கருக்குழாய்ல தொற்று, கல்லீரல் கெட்டு வயித்துல நீர் கோத்துக்கறது, இதயம் பலவீனமாகி நீர் சேர்றது, வயித்துல எதுக்காவது ஆபரேஷன் பண்ணி சில வாரம் ஆன நிலைமை, எல்லாத்துலயும் ஏறும். இதய நோய் இருக்கற ஆம்பளைக்கு எடுத்துப் பாத்தாலும் ஏறியிருக்கலாம், அவருக்கு சினைப்பையே கிடையாது! தெருவுல நாய் குரைக்குதுன்னா யாரோ வந்திருக்காங்கன்னு மட்டும் தான் தெரியும், திருடனா தபால்காரரான்னு அது சொல்லாது. சிஏ 125 சொல்றதும் அவ்ளோ தான்.

இதுல எனக்கு மறக்கவே முடியாத குழப்பம்னா வயித்து காசநோய் தான். அடிவயித்துல நீர், எடை குறைஞ்சுட்டே போகுது, சாயங்காலமானா லேசா காய்ச்சல், சிடி ஸ்கேன்ல குடலுக்கு முன்னாடி தொங்கற கொழுப்பு ஜவ்வு தடிச்சுப் போய் இருக்கு, சிஏ 125 பாத்தா 500, 600. காகிதத்துல பாத்தா முத்தின சினைப்பை கேன்சர்னு தான் யாரும் சொல்வாங்க. வயித்து நீரை எடுத்து ஏடிஏ (டிபி இருந்தா ஏறற ஒரு நொதி) பாத்து, ஜவ்வுல இருந்து ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸி பண்ணினா டிபின்னு தெரியும், ஆறு மாச மாத்திரைல சரியாகற நோய். நம்பரை மட்டும் நம்பி நேரா பெரிய ஆபரேஷனுக்கு கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால தான் எவ்ளோ பெரிய நம்பர் வந்தாலும் திசு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கேன்சர்ங்கிற வார்த்தையை நான் என் வாயால சொல்றதில்ல.

சரி, லேப்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இது தெரிஞ்சா பின்னாடி சொல்லப் போறது புரியும். மஞ்சள் மூடி ட்யூப்ல எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் உறைய விட்டு, சுத்த விட்டா கீழ சிவப்பு, நடுவுல ஜெல், மேல தெளிஞ்ச சீரம் வந்து நிக்கும். மெஷின் அந்த சீரத்துல ஒரு துளியை உறிஞ்சி, ஒரு ஆன்டிபாடி மேல விடும், அது சிஏ 125ஐ ஒரு பக்கம் பிடிச்சுக்கும், அப்புறம் வெளிச்சம் விடற சாயம் கட்டின இன்னொரு ஆன்டிபாடி வந்து மறுபக்கம் பிடிக்கும், மிச்சத்தை கழுவி விட்டுட்டு எவ்ளோ வெளிச்சம் வருதுன்னு அளக்கும். வெளிச்சம் அதிகமா இருந்தா நம்பரும் அதிகம். இதுல ஒவ்வொரு கம்பெனியும் வேற வேற ஆன்டிபாடி ஜோடி வெச்சிருக்காங்க. அதனால ஒரே ட்யூப் ரத்தத்தை ரெண்டு மெஷின்ல போட்டா ரெண்டு நம்பர் வரும், ரெண்டு மெஷினும் தப்பு கிடையாது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை அதிக டோஸ்ல போடறவங்களுக்கு சில மெஷின்ல நம்பர் பொய்யா குறைஞ்சு காட்டும், ஏன்னா அந்த மெஷின்கள்ல ஆன்டிபாடியை ஒட்ட வைக்கறதே பயோட்டினை வெச்சு தான். ரத்தம் எடுக்கறப்ப "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு கேட்டா சத்து மாத்திரையெல்லாம் யாரும் சொல்றதில்ல, அதையும் சொல்லுங்க ப்ளீஸ்.

இப்ப முதல் கேள்விக்கு வரேன். எந்த தொந்தரவும் இல்லாத ஒருத்தங்க, சும்மா ஒரு பாதுகாப்புக்காக வருஷா வருஷம் சிஏ 125 பாத்துக்கலாமா? வேணாம். என் பதில் இது தான், இது என் சொந்த அபிப்ராயம் மட்டும் இல்ல.

கணக்கை பாருங்க. மாதவிடாய் நின்ன பெண்கள் ஒரு லட்சம் பேரை எடுத்துக்கிட்டா ஒரு வருஷத்துல சுமார் 40 பேருக்கு சினைப்பை கேன்சர் வரும். ஒரு பேச்சுக்கு நம்ம டெஸ்ட் அதுல 30 பேரை பிடிச்சிருதுன்னு வெச்சுக்கலாம், ஆரோக்கியமானவங்கள்ல 99 சதவீதம் பேரை சரியா "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிருதுன்னும் வெச்சுக்கலாம். கேக்க அருமையான டெஸ்ட். ஆனா மிச்ச 1 சதவீதம்னா கிட்டத்தட்ட 1,000 பேர். அந்த 30 பேரை கண்டுபிடிக்க 1,030 பேர்கிட்ட "உங்களுக்கு ஏறியிருக்கு"ன்னு சொல்லணும். சரி, மார்பு கட்டி மாதிரி ஊசி குத்தி பாத்துரலாமேன்னு கேப்பீங்க. சினைப்பைல அது முடியாது, ஆரம்ப நிலை கட்டியா இருந்தா குத்தின இடத்துல இருந்து செல் வயித்துக்குள்ள சிந்திடும்னு பயம், அதனால முழுசா எடுத்து தான் பாக்கணும். அதாவது சந்தேகம்னாலே ஆபரேஷன் வரைக்கும் போகும்.

இது வெறும் கணக்கு இல்ல, நிஜமாவே பண்ணிப் பாத்துட்டாங்க. அமெரிக்கால பிஎல்சிஓன்னு ஒரு பெரிய ஆய்வு, 55ல இருந்து 74 வயசு வரைக்கும் 78,216 பெண்கள், பாதி பேருக்கு வருஷா வருஷம் சிஏ 125ம் ஸ்கேனும், மிச்ச பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 2011ல முடிவு வந்துச்சு, சாவு குறையல. 3,285 பேருக்கு பொய் எச்சரிக்கை, அதுல 1,080 பேருக்கு ஆபரேஷனே நடந்துச்சு, அவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெரிய சிக்கல். கேன்சரே இல்லாத ஆளுங்களுக்கு, அதை கவனிங்க.

அடுத்தது பிரிட்டன்ல நடந்த யூகேசிடாக்ஸ். இது தான் எனக்கு ரொம்ப மனசுல நின்ன ஆய்வு, ஏன்னா அவங்க புத்திசாலித்தனமா பண்ணினாங்க. 35ங்கிற ஒரே கோட்டை எல்லாருக்கும் வைக்காம, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவங்களோட சொந்த பழைய நம்பரை வெச்சு, அதுல இருந்து ஏறுதான்னு பாத்தாங்க. எப்பவும் 8லயே இருக்கறவங்களுக்கு 24 ஆனா அது 35க்கு கீழயா இருந்தாலும் கவனிக்கணும், எப்பவும் 40லயே நிக்கறவங்களுக்கு 40ங்கிறது செய்தியே இல்ல. ரொம்ப நியாயமான யோசனை. 2001ல இருந்து 2005க்குள்ள 2 லட்சத்துக்கு மேல பெண்களை சேத்தாங்க, பதினாறு வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்தாங்க. இந்த முறைல பாத்தவங்க குரூப்ல முதல் ஸ்டேஜ்ல பிடிபட்டது 47 சதவீதம் அதிகமாச்சு, நாலாவது ஸ்டேஜ்ல பிடிபட்டது 25 சதவீதம் கிட்ட குறைஞ்சுச்சு. எல்லாரும் நிமிந்து உக்காந்திருப்பாங்க. ஆனா 2021ல கடைசி முடிவு வந்தப்ப, சினைப்பை கேன்சர்ல செத்தவங்க எண்ணிக்கைல வித்தியாசமே இல்ல.

சீக்கிரம் கண்டுபிடிச்சா பொழைச்சுக்கலாம்னு நாம எல்லாரும் கண்ணை மூடிட்டு நம்பறோமே, அது இங்க அப்படியே வேலை செய்யல. ஏன்? சினைப்பை கேன்சர்ல ரொம்ப உயிர் குடிக்கற வகை, ஹை கிரேடு சீரஸ்ங்கிறது, பெரும்பாலும் சினைப்பைல ஆரம்பிக்கறதே இல்ல, கருக்குழாயோட நுனில கண்ணுக்கு தெரியாத அளவுல ஆரம்பிச்சு, அங்கேர்ந்து செல் உதிர்ந்து வயித்துக்குள்ள பரவுது. ரத்தத்துல நம்பர் ஏறற அளவுக்கு கட்டி வளர்றதுக்குள்ள அது வேற இடத்துக்கு கிளம்பிப் போயிருக்கலாம். நாம முன்கூட்டி பிடிச்சோம்னு நினைக்கறது நோயோட கணக்குல அவ்ளோ முன்கூட்டி இல்ல போல. 2018ல அமெரிக்க தடுப்பு மருத்துவ பணிக்குழு, தொந்தரவு இல்லாத, பரம்பரை ஆபத்து இல்லாத பெண்களுக்கு இந்த ஸ்க்ரீனிங் வேணாம்னே சொல்லிருச்சு. இவ்ளோ நடந்தப்புறமும் செக்கப் பேக்கேஜ்ல இதை திணிச்சு "பெண்களுக்கான சிறப்பு திட்டம்"னு விக்கறதை பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

ரெண்டாவது கேள்வி, கட்டி இருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சப்புறம். இங்க சிஏ 125க்கு நிஜமாவே ஒரு வேலை இருக்கு. 1990ல இருந்து ஒரு சின்ன பெருக்கல் கணக்கு புழக்கத்துல இருக்கு. ஸ்கேன்ல கட்டிக்குள்ள பல அறைகள், கெட்டியான பகுதி, ரெண்டு பக்கமும் கட்டி, வயித்துல நீர், வேற இடத்துல பரவல், இந்த அஞ்சுல ஒண்ணு இருந்தா 1 மார்க், ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்தா 3. மாதவிடாய் இன்னும் வருதுன்னா 1, நின்னுருச்சுன்னா 3. ரெண்டையும் பெருக்கி சிஏ 125ஓட பெருக்கணும், 200 இல்லேன்னா 250ஐ தாண்டினா கேன்சர் ஆபரேஷன் பண்ற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பணும். நம்ம 58ஐயே போட்டுப் பாருங்க. 27 வயசு பொண்ணு, ஸ்கேன்ல ஒரே ஒரு அம்சம், 1 பெருக்கல் 1 பெருக்கல் 58, வெறும் 58. அந்த 63 வயசு அம்மா, ஸ்கேன்ல ரெண்டு அம்சம், 3 பெருக்கல் 3 பெருக்கல் 58, 522. ஒரே ரத்த நம்பர், ஒருத்தங்க வீட்டுக்கு போலாம், இன்னொருத்தங்க அந்த வாரமே பெரிய டாக்டரை பாக்கணும். ஸ்பெஷலிஸ்ட்னு அழுத்தி சொல்றேன், முதல் ஆபரேஷன்ல எவ்ளோ சுத்தமா எடுக்கறாங்கங்கிறது தான் பின்னாடி எல்லாத்தையும் தீர்மானிக்குது.

ஹெச்இ4ன்னு இன்னொரு மார்க்கர் (சிஏ 125 மாதிரி ரத்தத்துல அளக்கற அடையாளப் பொருள்) இருக்கு, எண்டோமெட்ரியோசிஸ்ல இது பெருசா ஏறாதுங்கிறது அதோட பலம், கிட்னி சரியில்லேன்னா, புகை பிடிச்சா ஏறும்ங்கிறது பலவீனம். இதையும் சிஏ 125ஐயும் மாதவிடாய் நிலைமையோட சேத்து கணக்கு போடற ஸ்கோர் தான் ரோமா. அஞ்சு புரதத்தை சேத்து பாக்கற ஓவா1ங்கிறதும் 2009ல அமெரிக்கால வந்துச்சு. எல்லாமே கட்டி இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு தான், சும்மா இருக்கறவங்களுக்கு இல்ல.

சின்ன பொண்ணுங்க விஷயம் தனி, அதை சொல்லாம விட்டா பாவம். பதினஞ்சு, இருபது வயசு பொண்ணுக்கு சினைப்பைல கெட்டியான கட்டின்னா முக்கியமா பாக்க வேண்டியது சிஏ 125 இல்ல. முட்டை செல்லுல இருந்து வர்ற ஜெர்ம் செல் கட்டியா இருக்கலாம், அதுக்கு ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச்னு மூணு ரத்த மார்க்கரும் எடுக்கணும், ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுக்கணும், பின்னாடி எடுத்தா ஆரம்ப நம்பர் தெரியாம போயிரும். இதுல பெரும்பாலானது நல்லாவே குணமாகும், கர்ப்பப்பையையும் மறுபக்க சினைப்பையையும் விட்டு வெச்சே வைத்தியம் பண்ண முடியும். எல்டிஹெச்ல ஒரு லேப் சமாச்சாரம், ரத்தம் எடுக்கறப்ப சிவப்பணு உடைஞ்சு சீரம் ரோஸ் கலர்ல வந்துச்சுன்னா நம்பர் பொய்யா ஏறும், அப்படி வந்தா நாங்க திருப்பி எடுக்க சொல்வோம், அப்ப எங்களை திட்டாதீங்க. சினைப்பைல ஹார்மோன் சுரக்கற செல்லுல இருந்து வர்ற கிரானுலோசா செல் கட்டின்னு ஒண்ணு, அதுக்கு இன்ஹிபின் பி, ஏஎம்ஹெச்ங்கிற ஹார்மோன்களை பாக்கணும். அது பத்து, இருபது வருஷம் கழிச்சு கூட திரும்பி வரும், அதனால ரொம்ப வருஷம் பாத்துட்டே இருக்கணும். சளி மாதிரி திரவம் சுரக்கற மியூசினஸ் வகை சினைப்பை கேன்சர்ல சிஏ 125 அடக்கமா இருக்கும், சிஇஏ, சிஏ 19-9ங்கிற வேற ரெண்டு மார்க்கர் ஏறும், அப்ப குடல்ல இருந்து வந்த கேன்சரான்னும் தேடணும்.

இப்ப மூணாவது கேள்வி, சித்தியோட கேள்வி.

சித்தி ஃபைலோட உள் அட்டைல பால்பாயிண்ட் பேனாவால ஒரு வரிசை எழுதி வெச்சிருப்பாங்க. 1140, 610, 190, 48, 19. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னாடி எடுத்தது. கண்காணிப்புல சிஏ 125 எப்படி வேலை செய்யும்னு புரிஞ்சுக்க அந்த அட்டையே போதும். நம்பர் பாதியா குறைஞ்சு, குறைஞ்ச நிலை 28 நாளாவது நின்னா மருந்து வேலை செய்யுதுன்னு எடுத்துக்கற விதி இருக்கு. இன்னும் நுணுக்கமா, கீமோவோட முதல் 100 நாள்ல எடுத்த மூணு நம்பராவது இருந்தா, எவ்ளோ வேகமா இறங்குதுன்னு கணக்கு போட்டு ஒரு ஸ்கோர் சொல்ற கெலிம்னு ஒண்ணு இருக்கு, 1 இல்லேன்னா அதுக்கு மேலன்னா கட்டி கீமோவுக்கு நல்லா மசியுதுன்னு அர்த்தம். இந்த விஷயத்துல இந்த மார்க்கர் நிஜமாவே கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆரம்பத்துல ஏறியிருந்தவங்களுக்கு மட்டும் தான், அதையும் சொல்லணும், சுமார் 20 சதவீதம் சினைப்பை கேன்சர்கள் இந்த புரதத்தை பெருசா செய்யறதே இல்ல, அவங்களுக்கு ஸ்கேன் தான் கதி.

நடுவுல ஒரு தடவை 48ல இருந்து அடுத்தது 66ன்னு வந்துச்சு. சித்தி அழுகை. நான் ரிப்போர்ட்டோட அடியில சின்ன எழுத்துல இருக்கற வரியை தான் முதல்ல பாத்தேன், எந்த மெஷின், எந்த முறைன்னு போட்டிருக்கும். அது வேற லேப், வேற கம்பெனி கிட். போதாக்குறைக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் தான் ஆகியிருந்துச்சு, வயித்து ஜவ்வு ஆறிட்டு இருக்கறப்ப நம்பர் ஏறத்தான் செய்யும். பழைய லேப்லயே கொஞ்ச நாள் கழிச்சு எடுத்தோம், 19. அந்த 66ஐ சித்தி அட்டைல எழுதவே இல்ல, நான் எழுத சொன்னேன், பக்கத்துல லேப் பேரையும் தேதியையும் போட்டு. விட்டுட்டா நாளைக்கு வேற டாக்டர் பாக்கறப்ப பாதி கதை தான் தெரியும்.

கீமோ முடிஞ்சப்புறம் தான் நிஜமான கேள்வி வந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறதா, வேணாமா? ஏன்னா முத்தின நிலைல கண்டுபிடிச்சவங்கள்ல நிறைய பேருக்கு நோய் திரும்பும், திரும்பறதுக்கு சில மாசம் முன்னாடியே, உடம்புல எந்த தொந்தரவும் இல்லாதப்பவே, இந்த நம்பர் ஏற ஆரம்பிச்சுரும். முன்கூட்டி தெரிஞ்சா நல்லது தானேன்னு தோணும். இதையும் ஒருத்தர் சோதிச்சாரு, கார்டன் ரஸ்டின் தலைமைல நடந்த ஆய்வு, 2010ல வெளியாச்சு. முதல் சுத்து வைத்தியம் முடிஞ்சு நல்லா இருந்தவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க, ஆனா ரிசல்ட்டை அவங்ககிட்டயும் சொல்லல, டாக்டர்கிட்டயும் சொல்லல. எல்லையோட ரெண்டு மடங்கை தாண்டின 529 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு விஷயத்தை சொல்லி உடனே கீமோ, இன்னொரு பாதிக்கு ஒண்ணும் சொல்லாம, தொந்தரவு வந்தப்புறம் கீமோ. முதல் குரூப்புக்கு கீமோ கிட்டத்தட்ட 5 மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுச்சு. உயிரோட இருந்த காலம்? முன்னாடி ஆரம்பிச்சவங்க 25.7 மாசம், காத்திருந்தவங்க 27.1 மாசம். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லேன்னு தான் அர்த்தம். ஆனா முன்னாடி ஆரம்பிச்சவங்களுக்கு வாழ்க்கை முன்னாடியே கசக்க ஆரம்பிச்சுருச்சு, வாந்தி, சோர்வு, ஆஸ்பத்திரி அலைச்சல், எல்லாம் சும்மா இருந்திருக்க வேண்டிய மாசங்கள்ல.

இதை படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல, ஏன்னா நான் ரிசல்ட் போடற தொழில்ல இருக்கறவ, தெரிஞ்சுக்கறது எப்பவும் நல்லது தான்னு நம்பி வளர்ந்தவ. மறுபேச்சும் இருக்கு, நியாயமானது தான். அந்த ஆய்வு நடந்த காலத்துல இப்ப இருக்கற மருந்துங்க இல்ல, கேன்சர் செல்லை தன் டிஎன்ஏவை சரி பண்ணிக்க விடாம தடுக்கற பார்ப் தடுப்பு மருந்துங்க 2014 கடைசில தான் வந்துச்சு. திரும்பின நோயை மறுபடி ஆபரேஷன் பண்ணி எடுக்கறதும் அப்ப அதுல இல்ல, 2021ல டெஸ்க்டாப் 3ங்கிற ஆய்வுல, சரியானவங்களா தேர்ந்தெடுத்து ரெண்டாவது ஆபரேஷன் பண்ணினவங்க 53.7 மாசமும், கீமோ மட்டும் எடுத்தவங்க 46 மாசமும் இருந்தாங்க. நோய் கொஞ்சமா இருக்கறப்பவே தெரிஞ்சா ஆபரேஷனுக்கு ஏத்த ஆளா இருக்கலாமேங்கிறது அவங்க வாதம். ஆனா நம்பர் பாத்து சீக்கிரம் பிடிச்சதால தான் ஆயுசு கூடுச்சுன்னு இன்னும் யாரும் நேரடியா காட்டல. அதனால பாக்கறதும் சரி, பாக்காம இருக்கறதும் சரி, ரெண்டும் யோசிச்சு எடுத்த முடிவா இருந்தா.

சித்தியோட டாக்டர் இதை மறைக்காம உக்கார வெச்சு பேசினாங்க, அதுக்கே அவங்களுக்கு கோடி புண்ணியம். சித்தி பொண்ணு "வேணாம்மா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீ தூங்காம கிடப்பே"ன்னா. சித்தி என்னை பாத்து, "ஏண்டி, நீ சொல்லு, நீ தானே இந்த மெஷின்காரி"ன்னாங்க. நான் சொன்னேன், "சித்தி, நம்பர் ஏறினா மட்டும் உடனே வைத்தியம் ஆரம்பிக்கப் போறதில்ல, ஸ்கேன் பாத்து, நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாத்து தான் முடிவு. அந்த நடுவுல இருக்கற மாசங்களை தெரிஞ்சுட்டு உங்களால தள்ள முடியுமான்னு மட்டும் பாருங்க." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தெரியாம இருந்தா தான் எனக்கு தூக்கம் வராது, எடுத்துருவோம். ஆனா போன்ல சொல்லாதீங்க, நேர்ல வரப்ப சொன்னா போதும்"னாங்க. அப்படியே தான் போயிட்டிருக்கு. வேற ஒருத்தங்க எடுக்க வேணாம்னு சொல்லியிருந்தா அதுவும் கோழைத்தனம் கிடையாது, அவங்களை "டெஸ்ட் எடுத்தியா, எடுத்தியா"ன்னு நச்சரிக்கற சொந்தக்காரங்க கொஞ்சம் ஓரமா போயிரணும்.

எடுக்கறதுன்னு முடிவானா 35ஐ மட்டும் பாக்காதீங்க. 9, 11, 8ன்னு போறது சாதாரண ஆட்டம். 8, 15, 29ன்னு ஏணி ஏறினா 35க்கு கீழ இருந்தாலும் டாக்டர் காதுல போடணும். நோய் திரும்புச்சுன்னு நம்பரை வெச்சு சொல்றதுக்கே ஒரு தடவை ஏறினா போதாது, எல்லையோட ரெண்டு மடங்கு, ஒரு வாரமாவது இடைவெளி விட்டு ரெண்டு தடவை, அது தான் ஆய்வுகள்ல வெச்சிருக்கற அளவு. எல்லாம் ஒரே லேப்ல.

சித்தி பொண்ணு அப்புறமா தனியா கேட்டா, "அக்கா, அப்ப நான் வருஷா வருஷம் சிஏ 125 எடுக்கணுமா?" அவளுக்கு எடுக்க வேண்டிய டெஸ்ட் வேற. சித்திக்கு பிராக்கா1 ஜீன்ல கோளாறு இருக்குன்னு வந்திருந்துச்சு, அது இவளுக்கும் வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. பொதுவா ஒரு பெண்ணுக்கு ஆயுசுல சினைப்பை கேன்சர் வர வாய்ப்பு 1 சதவீதத்துக்கு சொச்சம், பிராக்கா1 கோளாறு இருந்தா சுமார் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ. இருந்தா, குழந்தை பெத்து முடிச்சப்புறம் 35ல இருந்து 40 வயசுக்குள்ள கருக்குழாயையும் சினைப்பையையும் எடுத்துடறது தான் நிஜமா உயிரை காப்பாத்தற வழி. அதுக்கு பதிலா சிஏ 125 பாத்துட்டே காலத்தை ஓட்டறது பாதுகாப்பு இல்ல. அவ ஜெனடிக் கவுன்சிலரை பாக்க தேதி வாங்கியிருக்கா.

இந்த பதிவை படிக்கறவங்கள்ல தொந்தரவோட இருக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. வயிறு உப்பலாவே இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சுருது, அடிவயித்துல வலி, அடிக்கடி யூரின் போகணும் போல இருக்கு, இதெல்லாம் புதுசா ஆரம்பிச்சு மாசத்துல பன்னெண்டு நாளுக்கு மேல வருதுன்னா, அதுலயும் வயசு 50ஐ தாண்டிருச்சுன்னா, கேஸ் மாத்திரை போட்டுட்டு இருக்காதீங்க. உங்க விஷயத்துல சிஏ 125 எழுதறதுல நியாயம் இருக்கு, 35ஓ அதுக்கு மேலயோ வந்தா ஸ்கேன். 18ன்னு வந்து உப்பல் மட்டும் நிக்கலேன்னா மறுபடி போங்க, ரிப்போர்ட் நார்மல் தானேன்னு யாராவது சொன்னா முதல் ஸ்டேஜ்ல பாதி பேருக்கு இது நார்மலா தான் இருக்கும்னு சொல்லி, ஸ்கேனுக்கு எழுதிக் குடுக்க சொல்லி கேளுங்க.